குடிப்பவருக்கு மட்டும்தானா வைத்தியம்?

ஏகாதசியன்று விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போவது எனக்கு வருஷக்கணக்கான வழக்கம். ஸ்ரீரங்கத்தில் கீரை கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும். ஆனாலும் மறுநாள் துவாதசிப் பாரணைக்கு வேண்டிய அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றையும் மார்க்கெட்டில் புதுசாகப் பொறுக்கி வாங்கினால்தான் எனக்குத் திருப்தி.

அங்கே எனக்கு வாடிக்கையாகக் கீரை தரும் பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். என்னை “அக்கா” என்பாள். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். வியாபாரத்துக்கு வேண்டிய கறார் அவளிடம் கொஞ்சம்கூடக் கிடையாது. “கட்டு இருபது ரூபா” என்பாள். “பதினைஞ்சுக்குத் தா” என்றால் போதும். “சரிக்கா, நீங்க குடுக்கறதைக் குடுங்க” என்று தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. இப்போது அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

போன வருஷம் ஒரு ஏகாதசி. நான் கீரையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் என் புடவைத் தலைப்பைத் தொட்டாள்.

“அக்கா, உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? இதுல எப்படிக் குடுக்கணும்னு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வெள்ளைப் பொடி. மருந்தின் பெயர் இல்லை. என்ன கலந்தது என்று இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் காலை, இரவு கலந்து கொடுக்கவும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள்.

“எவ்வளவு குடுத்து வாங்கினே?”

“ஆயிரத்து இருநூறுக்கா. சீட்டுப் பணம்.”

அவள் புருஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நல்ல உழைப்பாளிதான். ஆனால் கூலி கையில் வந்த அன்றே கரைந்துவிடும். சில நாள் வீட்டுக்கே வருவதில்லை. வந்தால் சண்டை. இரண்டு பிள்ளைகள்.

“இதை அவர் சாப்பாட்டுல கலக்காதே” என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“வேற என்னக்கா பண்றது? நான் சரியா இருந்தா அவரு ஏன் குடிக்கப் போறாரு? எங்க மாமியா சொல்றது நெசந்தான். புருஷனை வச்சுக்கத் தெரியாத சென்மம் நான். என்னாலதானே இப்படி ஆச்சு? நாந்தானே சரி பண்ணணும்?”

குடித்தது அவர். குற்றவாளிக் கூண்டில் நிற்பது இவள்! இது என்ன நியாயம் சகோதரிகளே?

பொடியில் இருக்கும் ஆபத்து

முதலில் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் இந்த விளம்பரங்களைப் பார்த்திருப்போம்.

குடியை நிறுத்துவதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் டைசல்ஃபிரம் என்று ஒன்று உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால், மது முழுவதுமாகக் கரைய முடியாமல் பாதியில் நின்று விஷமாகத் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்து, உடம்பைப் பரிசோதித்த பிறகே டாக்டர் இதைத் தருவார். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் போய்க் குடிப்பார். அப்புறம் நடப்பதற்கு யார் பொறுப்பு? பெயரில்லாத பொடியிலோ என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

இன்னொன்று. பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவரை “நாளையிலிருந்து ஒரு சொட்டும் கூடாது” என்று வீட்டில் அடைத்து வைப்பதும் ஆபத்துதான். ஒரு நாளுக்குள் கைகால் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையும் தாண்டினால் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்கள் டாக்டரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

இதை எனக்குத் தெரிந்த மட்டும் அவளுக்குச் சொன்னேன். பொடியை அங்கேயே சாக்கடையில் கொட்டினாள். ஆனால் “நாந்தான் காரணம்” என்கிற நினைப்பை அப்படிக் கொட்டிவிட முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு குடி மீட்பு மையத்தில் ஆலோசகராக வேலை செய்யும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். அடுத்த வாரம் அங்கே அவளை அழைத்துக்கொண்டு போனேன். “அவரு வர மாட்டேங்கறாருக்கா. நான் மட்டும் போயி என்ன ஆவப் போவுது?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

முதல் நாள் கேட்ட கேள்வி

என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கண்கள் சிவந்து வெளியே வந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

“அந்தம்மா புத்தியே சொல்லலக்கா. ‘நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?’ன்னுதான் மொதல்ல கேட்டாங்க. நான் அவரப் பத்தியே சொல்லிட்டிருந்தேன். ‘அவரு கதைய அப்புறம் கேக்கறேன், இப்ப உங்களைப் பத்திச் சொல்லுங்க’ன்னாங்க. எனக்கு என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே வரலக்கா. அழுதுட்டேன்.”

அவள் உள்ளே பேசியதை நான் ஆலோசகரிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். “அவங்க சொன்னதை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க அழைச்சுட்டு வந்திருந்தாலும் சரி. இங்கே பேசறது இந்த நாலு சுவத்துக்குள்ளதான். நாங்க பொதுவா எப்படிச் செய்வோம்னு வேணும்னா சொல்றேன்” என்றார். அந்தக் கண்டிப்பே எனக்குப் பிடித்திருந்தது. மற்றதைக் கீரைக்காரப் பெண்ணே பிறகு சொன்னாள். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எழுதவும் சம்மதித்தாள்.

தன் துயரத்திலிருந்து ஒரு மருத்துவமனை

குடிப்பவரின் மனைவிக்கும் தனியாக வைத்தியம் வேண்டும் என்பது இந்த ஆலோசகர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. நம் தமிழ்நாட்டில் இதை ஆழமாக ஊன்றியவர் இதே துன்பத்தை அனுபவித்த ஒரு பெண்மணி.

பிரஸ்டீஜ் குக்கரால் நம் சமையலறைக்கெல்லாம் அறிமுகமான டி.டி.கே. குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன். மத்திய நிதி அமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன்தான் அவர் கணவர். பணத்துக்கோ படிப்புக்கோ குறைவில்லாத வீடு. இருந்தும் குடிநோய் அவரை விடவில்லை. 1979-ல் காலமானார். இளம் வயதில் கணவரை இழந்த சாந்தி, புகுந்த வீட்டாரின் ஆதரவோடு மறு வருஷமே, 1980-ல், கணவர் பெயரில் சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் மினசோட்டாவிலுள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்றார். அந்த அமைப்பு நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை சென்னை இந்திரா நகரில் இருக்கிறது. 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்திலும் முகாம்கள் நடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காக ஆஸ்பத்திரியே ஊருக்குப் போயிற்று என்று சொல்லலாம். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அங்கே குடிப்பவருக்கு வைத்தியம் நடப்பதோடு நின்றுவிடுவதில்லை. குடும்பத்தாருக்கென்றும் தனியாக ஆலோசனை உண்டு. மனைவி அங்கே நோயாளிக்குச் சோறு கொண்டு வரும் ஆள் மட்டுமல்ல. அவளுக்கும் காயம் இருக்கிறது, அதுவும் ஆற வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட முறை அது. பங்களாவோ குடிசையோ, வெளியே சொல்ல முடியாத அவமானம், ராத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பயம், நம்மால்தானோ என்ற குற்ற உணர்ச்சி மூன்றும் எல்லா வீட்டிலும் ஒன்றுதானே!

வெளிநாட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கம் 1935-ல் அமெரிக்காவில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன். குடித்த காலத்தில் பட்ட கோபமும் களைப்பும், கணவர் குடியை விட்ட பிறகும் தன்னை விடவில்லை என்பதை அவர் உணர்ந்தார். 1951-ல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழுவைத் தொடங்கினார். குடி என்னால் வந்ததல்ல, அதை என்னால் அடக்கி வைக்க முடியாது, நான் அதைக் குணப்படுத்தவும் முடியாது. அந்தக் குழுக்களில் முதலில் சொல்லித் தருவது இந்த மூன்றையும்தான்.

கேட்டதும் ‘கைகழுவி விடச் சொல்கிறார்களோ’ என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆலோசகரிடமே கேட்டேன்.

“சர்க்கரை வியாதிக்காரருக்காக மனைவி மாத்திரை சாப்பிட முடியுமாம்மா? கூட இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போகலாம். ஆனா வியாதி அவருடையது, மருந்தை விழுங்க வேண்டியதும் அவர்தான். இது புரிஞ்சாத்தான் இவங்களுக்கு மூச்சு விடவே முடியும்” என்றார்.

படிப்படியாக எப்படி?

அவர் சொன்னதையும், கீரைக்காரப் பெண் ஒவ்வொரு வாரமும் வந்து சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் படி, காது கொடுப்பது. குறுக்கே பேசாமல், ‘நீ அப்படிச் செய்திருக்கலாமே’ என்று தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க மனநல அறிஞர் 1940-களிலும் 50-களிலும் இதைத்தான் வலியுறுத்தினார். எதிரில் இருப்பவரின் நிலையிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும், எந்த நிபந்தனையும் போடாமல் மதிக்க வேண்டும், ஆலோசகர் வேஷம் போடாமல் உண்மையாக இருக்க வேண்டும் என்றார். ஒரு மனுஷி தன்னை மதிக்கிறாள் என்று உணர்ந்தால்தான் நமக்கும் நம்மை மதிக்கத் தோன்றும்.

இரண்டாவது படி, முடிச்சைப் பிரிப்பது. இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே! ஆலோசகர் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை மேஜையில் கொட்டினாராம். ஒரு கொட்டைக்கு ஒரு கவலை. “அவர் சாயங்காலம் கடைக்குப் போறது யார் கையில இருக்கு?” “அவரு கையில.” “அப்ப அந்தக் கொட்டையை அந்தப் பக்கம் தள்ளுங்க. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறது?” “என் கையில.” “இந்தப் பக்கம்.” கடைசியில் பார்த்தால் இவள் ராத்திரி பகலாகச் சுமந்ததில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துக் கொட்டைகள்! “அத்தனையும் நான் தூக்கிட்டிருந்தேனேக்கா! அவரு தூக்கற மூட்டையை விடப் பெரிசு” என்றாள்.

மூன்றாவது படி, கணக்குப் பார்ப்பது. “நீங்க ரொம்ப நல்லவங்க, கெட்டிக்காரங்க” என்று ஆலோசகர் புகழவில்லையாம். ‘புகழ்ச்சி ஒட்டாதும்மா, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவாங்க. அவங்க செஞ்சதை அவங்க வாயாலேயே எண்ண வைக்கணும்’ என்றார் என்னிடம். தினமும் படுக்கும் முன் அன்றைக்குச் செய்த மூன்று காரியங்களை விரல் விட்டு எண்ணச் சொன்னாராம். முதல் வாரம் ஒன்றும் தோன்றவில்லை. “ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கீரை எடுக்கிறது யாரு? நூறு கட்டு கட்டறது யாரு? பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கினது யாரு?” என்று கேட்டாராம். “நாந்தான்... நாந்தான்... நாந்தான்...” சொல்லச் சொல்ல குரல் உயர்ந்ததாம்.

அதோடு, தனக்கென்று தினம் ஒரு சின்னக் காரியம் செய்ய வேண்டும். காலை பத்து மணிக்குள் டிபன் சாப்பிடுவது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, ஒரு வருஷமாகப் பார்க்காத தங்கையைப் போய்ப் பார்ப்பது. மனசு தெம்பானால்தான் செய்வேன் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. முதலில் செய்ய வேண்டும், தெம்பு பின்னால் வரும்.

நான்காவது படி, பேச்சுப் பழகுவது. குடித்துவிட்டு வந்த நேரத்தில் வாதாடக் கூடாது. விடிந்து தெளிவாக இருக்கும்போது, திட்டாமல், “நேத்து நீங்க வராதது எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. டாக்டர்கிட்டப் போனா நானும் கூட வரேன்” என்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேலைக்குப் போகாத நாளில் மண்டிக்காரரிடம் “ஜுரம்” என்று பொய் சொல்வதையும், அவர் குடித்த கடனை அடைப்பதையும் மெதுவாக நிறுத்த வேண்டும். நாம் அன்பினால்தான் மூடி மறைக்கிறோம். ஆனால் மூடி மறைக்க மறைக்க, குடியால் வரும் நஷ்டம் அவர் கண்ணில் படுவதே இல்லை.

ஐந்தாவது, பிள்ளைகள். இளம் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். ‘நான் படிக்காததால்தான் அப்பா குடிக்கிறார்’ என்று ஏழு வயசுக் குழந்தையும் நினைத்துக்கொள்ளும். “அப்பாவுக்கு ஒரு வியாதி. அது உன்னாலே வந்ததில்லை. பெரியவங்க பாத்துக்குவோம்” என்று ஒரு தரம் அல்ல, பல தரம் சொல்ல வேண்டும்.

அடி உதை இருந்தால் கதை வேறு. “பொறுத்துப் போகப் பழக்கறதுக்கு இல்லம்மா நாங்க இருக்கறது. முதல்ல அவங்களும் பிள்ளைங்களும் பத்திரமா இருக்கணும். எங்கே போகறது, யாரைக் கூப்பிடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவோம்” என்றார் ஆலோசகர். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. குடிபோதையில் அடித்தேன் என்பது அதற்கு விதிவிலக்கல்ல.

நான் செய்த தப்பு

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு என் சித்தி பெண்ணின் ஞாபகம் வந்து உறுத்தியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, அவள் கணவர் குடிக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நல்ல உத்தியோகம், சொந்த வீடு. யாரும் நம்ப மாட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வெளியிலே சொல்லாதேடி, மானம் போயிடும். அவருக்குப் பிடிச்சதா சமைச்சுப் போடு, சிரிச்ச முகமா இரு, எல்லாம் சரியாயிடும்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? ‘உன் சமையல் சரியில்லை, உன் முகம் சரியில்லை, அதனால்தான் அவர் குடிக்கிறார்’ என்றுதானே? அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கீரைக்காரப் பெண்ணின் மாமியார் சொன்னதையேதான் நான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேன்.

சமீபத்தில் அவளுக்கு போன் பண்ணி, “அன்னிக்கு நான் சொன்னது தப்புடி. உன் மேலே ஒரு குத்தமும் இல்லை” என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இதைச் சொல்றதுக்கு இத்தனை வருஷமாச்சாக்கா?” என்றாள்.

மார்க்கெட் பேட்டையில் பாட்டிமார் பெஞ்சு

ஆலோசகர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்களா? நாமே ஏதாவது செய்ய முடியாதா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள் ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டுப் பாட்டிமார்.

அந்த நாட்டின் தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்று ஒரு பேட்டை. நம் காந்தி மார்க்கெட் மாதிரியே பெரிய காய்கறிச் சந்தை இருக்கும் இடம். 2006-ல் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் அங்கே பதினான்கு பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் மரப் பெஞ்சு போட்டு அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். மனசு சரியில்லாதவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசலாம். மனச்சோர்வுக்கு அந்த ஊர் பாஷையில் ‘அதிகமாக யோசிப்பது’ என்று அர்த்தம் வரும் ஒரு சொல் இருக்கிறது. நாமும் “ஒரே யோசனையா இருக்கு” என்றுதானே சொல்கிறோம்! பாட்டி முதலில் கேட்பாள். பிறகு இருக்கிற கஷ்டங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவளையே யோசிக்க வைப்பாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. 2016-ல் மருத்துவ ஆய்வாகவே இது வெளியாயிற்று.

பயிற்சி பெறாத நாம் வைத்தியம் செய்யக் கூடாது. ஆனால் நல்ல காதாக இருக்கலாம். யாராவது மனசு திறந்தால், “நீ அனுசரிச்சுப் போ” என்று ஆரம்பிக்காதீர்கள். “நீ சாப்பிட்டியா?” என்று ஆரம்பியுங்கள். “இது உன் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். கேட்டதை அடுத்த வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்பது போல் பேசினால் தனியாக விடாதீர்கள், அன்றே உதவிக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே போவது?

1996-ல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தை முதன்முதலாகத் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? திருச்சி புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற மாவட்டத்தார் அந்தந்த ஊர் அரசு தலைமை மருத்துவமனையில் கேட்கலாம். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். 2022-ல் தொடங்கிய இந்த இலவச மனநல உதவி எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை, மிரட்டல் என்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

ஒன்றை மறக்காதீர்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். மனைவி தெளிவாகிவிட்டால், சில வீடுகளில் அதைப் பார்த்தே கணவரும் வைத்தியத்துக்கு வருவது உண்டு என்றார் ஆலோசகர். வராவிட்டாலும் உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

கீரைக்காரப் பெண்ணின் கணவர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். ஒரு தரம் அவளோடு டாக்டரிடம் வந்தார். இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தார். நடுவில் மறுபடியும் குடித்தார். குடிநோயில் இப்படி வழுக்கி விழுவது உண்டு, திரும்பவும் தொடங்க வேண்டியதுதான் என்று ஆலோசகர் சொல்லியிருப்பதால் அவள் இடிந்து உட்காரவில்லை. “அந்தக் கொட்டை அவரு பக்கம்க்கா” என்று மட்டும் சொன்னாள். அடுத்த தேதிக்கு வருவதாக அவர் சொல்லியிருக்கிறாராம்.

போன ஏகாதசிக்கு மார்க்கெட் போயிருந்தேன். சாக்குக்குப் பதில் இப்போது பலகை போட்டு, மேலே தார்பாய் கட்டியிருக்கிறாள். தன் பேரில் புதுச் சீட்டு ஒன்றும் போட்டிருக்கிறாளாம். எனக்குப் பழக்க தோஷம், அகத்திக்கீரைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு “பதினைஞ்சுக்குத் தாயேன்” என்றேன்.

நிமிர்ந்து பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“கட்டுப்படியாகாதுக்கா. இருபதுதான்.”

மறு பேச்சுப் பேசாமல் இருபது ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.